எழும்பாத பொத்தான்

இந்தக் காலத்துச் சனத்துக்கு முகத்தைப் பார்த்துக் கதைக்கிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. கதிரவேலுவின் முதல் முறைப்பாடு இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் வரும். முந்தி ஒழுங்கைக்குள் ஒருவர் செத்தால் ஆள் வந்து படலையில் நின்று சொல்லும். இப்போது றேடியோவில் மரண அறிவித்தல் போகிறது. அதைக் கேட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனின் செத்தவீட்டுக்கு வருகிறான். வந்தும் என்ன? "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கிறான். சுகம் கேட்கிறவன், மறுமொழி வருவதற்குள் சைக்கிளில் ஏறிவிடுகிறான். ஆளுக்கொரு பெட்டி. பெட்டி சொன்னால் நம்புவான். பக்கத்தில் நிற்கிற மனிதன் சொன்னால் நம்பமாட்டான்.

கதிரவேலு பெட்டியை நம்புகிறவர் அல்ல. மனிதரையும் அவ்வளவாக நம்புகிறவர் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஏன் விட்டனீங்கள் என்று கேட்டால், "வாத்தி பொய் சொன்னவர்" என்பார். என்ன பொய் என்று கேட்டால், "பூமி சுத்துதாம்" என்பார். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கிழவயதில் வந்து வாய்த்தது பிளேனுக்குக் காவல் இருக்கிற வேலை. கொழும்பிலிருந்து ஒரு தனியார் கொம்பனியின் சின்னப் பிளேன் கிழமைக்கு இரண்டு தரம் பலாலி விமான நிலையத்துக்கு வந்துபோகும். ஓட்டியோடு நாலு பேர் இருக்கலாம்; மிச்ச இடத்தில் மருந்துப் பெட்டிகளும் பார்சல்களும். வந்த அன்று இரவு இங்கேயே தங்கி, அடுத்தநாள் விடியத் திரும்பும். தங்குகிற இரவுகளில் கதிரவேலு ஒரு சாக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அதன் செட்டைக்குக் கீழே கிடப்பார். பிளேனின் கதவுத் திறப்பு அவருடைய அரைநாண் கயிற்றில் தொங்கும். அது பறக்கிறதைப்பற்றி அவருக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பறக்கிறதைக் கண்ணால் கண்டவர்தான். கண்டாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

அவருக்கு ஒரே பிள்ளை, ஞானாம்பிகை. தாய் சிவக்கொழுந்து செத்துப்போய் வருசக் கணக்காகிறது. மகள் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அவள் இருந்த அறை எரிந்துபோக, அகதிகளோடு அகதியாகக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. பைக்குள் வேறு யாரோ ஒருத்தியின் சேலை. அன்று தொடக்கம் நவராத்திரி வரைக்கும் தகப்பனும் மகளும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

சிவக்கொழுந்து போனபிறகு தனக்கு வந்த நல்ல காலம் அதுதான் என்று கதிரவேலு நினைத்தார். அதை அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல என்ன கிடக்கிறது? வேலை முடிந்து விடியப் போனால் கிணற்றடித் தொட்டி நிறைந்திருக்கும். அடுப்பு எரியும். தேத்தண்ணீர் மூடிவைத்திருக்கும். குடித்துவிட்டுப் படுப்பார். அடுப்படியில் சட்டி பானை நகர்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் நல்ல நித்திரை வரும்.

ஒருநாள் அவள் வந்து கட்டில் காலடியில் நின்றாள்.

"அப்பு, ஸாம்பியாவிலை படிப்பிக்க வரச்சொல்லி எனக்கு வேலை வந்திருக்கு."

"அது எங்கை கிடக்கு?"

"ஆபிரிக்காவிலை."

"அங்கையும் பள்ளிக்கூடம் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப போ."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குக் கதிரவேலுவுக்கு நித்திரை வரவில்லை.

ரயிலில் கொழும்புக்குப் போக அவளுக்குப் பயம். வழியில் அநுராதபுரத்தில், கலவரம் நடந்த பக்கத்தில், ரயில் நிற்கும். ஆகவே கதிரவேலு பிளேன் ஓட்டுகிற எட்வேர்ட்டிடம் போனார். எட்வேர்ட் உடுவில் ஆள், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற வேதக்காரன், நாற்பது வயதிருக்கும். எப்போதும் சிரித்த முகம்; அதனாலேயே கதிரவேலு அவனை முழுக்க நம்புவதில்லை.

"தம்பி, என்ரை பெட்டைக்கு ஒரு இடம் வேணும்."

"கதிரவேலண்ணை என்னட்டை வாய் திறந்து ஒண்டு கேக்கிறது இதுதான் முதல்தரம்," என்றான் எட்வேர்ட். "முன் சீற்றையே தாறன். எப்ப?"

"விசயதசமி அண்டைக்கு."

விசயதசமி நல்ல நாள். பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். அன்று இரவே கட்டுநாயக்காவில் பெரிய பிளேன். அதைப் பிடிக்காவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று ஞானாம்பிகை சொல்லியிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. செம்மண் தூசு காலில் ஒட்டியது. வாசலில் நின்ற ஆமிக்காரன் ஞானாம்பிகையின் பெட்டியைக் கிண்டிப்பார்த்து, மடித்த சேலையெல்லாம் குலைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான். மற்றப் பயணி யோசப்பின், இளவாலை மனிசி. பருத்த உடம்பு, ஓயாத வாய், மடியில் ஒரு பெரிய கைப்பை. கொழும்பிலுள்ள மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறாள்.

"உந்தச் செட்டை ஆடுது தம்பி, ஆடலாமோ?" என்று கேட்டபடியே அவள் பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். பிளேன் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது.

ஞானாம்பிகை தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப நான் போட்டுவாறன், அப்பு."

"ம். மண்ணெண்ணைப் போத்தல் எங்கை வைச்சனி?"

"அடுப்படிக் கதவுக்குப் பின்னாலை."

"சரி."

அவள் ஏறினாள். கதவு அடித்துச் சாத்தப்பட்டது. காற்றாடி இரண்டு தரம் விக்கி, மூன்றாம் தரம் பிடித்து, பெருஞ்சத்தத்தோடு சுழன்றது. கதிரவேலு சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றார். எட்வேர்ட் மைக்கைக் கையில் எடுத்து என்னவோ சொல்வது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. சொன்னான், பொறுத்தான். மறுபடி சொன்னான், பொறுத்தான். பிளேன் அசையவில்லை. அப்போது ரவரில், அதாவது பிளேன்களுக்கு வா, போ என்று சொல்லுகிற அந்தக் கண்ணாடிக் கோபுரத்தில், சிவப்பு வெளிச்சம் எரிந்தது. போகாதே என்று அர்த்தம். எட்வேர்ட் எஞ்சினை நிற்பாட்டினான்.

"என்ன தம்பி?"

"ரவர் மறுமொழி சொல்லுதில்லை, அண்ணை. நான் கத்துறன், அங்காலை சத்தமில்லை."

அவன் முதலில் றேடியோவின் குமிழ்களைத் திருகினான். பிறகு அதை நிற்பாட்டித் திரும்பவும் போட்டான். பிறகு முகப்புப் பலகைக்குக் கீழே தலையைக் கொடுத்து, பியூசைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதித் திரும்பப் போட்டான். கூரையில் நட்டிருந்த ஏரியல் கம்பியை ஆட்டிப்பார்த்தான். அதன் வயர் வந்து பொருந்துகிற இடத்தை நெரித்துப்பார்த்தான். எல்லாம் சரி. ஆனால் ரவர் ஊமை.

கதிரவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் மாத்திரம் ஏதோ மெல்ல இளகியது. விசயதசமியன்று வெளிக்கிட்ட பயணம் தடைப்படுகிறதென்றால் அது சும்மா தடையல்ல. மேலே இருக்கிற சரசுவதி காலை வைத்து மறித்திருக்கிறாள். மறித்தால் மறிக்கட்டும். மகள் திரும்பி வருவாள். பின்னேரம் தேத்தண்ணீர் வைப்பாள். சட்டி பானை நகரும்.

எட்வேர்ட் கையைத் துடைத்தபடி வந்தான். "கதிரவேலண்ணை, இரவு ஆரும் உள்ளுக்கை ஏறினவையோ?"

"என்னைத் தாண்டி ஆர் ஏறுறது?"

"அதுதானே," என்றான் எட்வேர்ட்.

கதிரவேலு சொன்னது பொய்யல்ல. ஆரும் ஏறவில்லை. அவர்தான் ஏறினார். முதல்நாள் சரசுவதி பூசை. வீட்டில் மகள் புத்தகங்களுக்கும், அவர் மண்வெட்டிக்கும் கத்திக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துக் கும்பிட்டாயிற்று. பின்னேரம் காவலுக்கு வருகிறபோது மிச்சச் சந்தனத்தை ஒரு பூவரசமிலையில் வழித்துக்கொண்டு வந்தார். விடிந்தால் பிள்ளை ஏறுகிற வாகனம். அதற்கு ஒரு பொட்டு இல்லாமல் எப்படி? ஆனால் எங்கே வைப்பது? முன்னால் வைத்தால் வேதக்காரன் சிரிப்பான். யோசித்துப் பார்த்தார். சரசுவதி இருக்கிற இடம் நாக்கு. இந்தச் சாமானுக்கு நாக்கு எது? எட்வேர்ட் கையில் பிடித்துக் கதைக்கிறானே, அதுதான். திறப்பைப் போட்டு ஏறி, மைக்கை எடுத்து, ஒரு பொட்டோடு நிற்க மனமில்லாமல், நல்ல தடிப்பாகச் சுற்றிவரப் பூசினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். விடியப்புறம், எட்வேர்ட் வருவதற்கு முன், காய்ந்திருந்ததைச் சால்வையால் துடைத்துவிட்டார். அவ்வளவுதான். கும்பிட்ட சாமான் கெட்டதாக அவர் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அதைச் சொல்லவேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

"சரி, இப்பிடிச் செய்வம்," என்றான் எட்வேர்ட். "தங்கச்சி, நான் றேடியோவைப் போட்டு விட்டிட்டுப் போறன். நீங்கள் மைக்கைக் கையிலை வைச்சிருங்கோ, ஒண்டும் செய்யவேண்டாம். நான் ரவரிலை இருந்து கூப்பிடுவன். சத்தம் கேட்டால் கையை வெளியாலை விட்டு ஆட்டுங்கோ. அண்ணை, நீங்கள் என்னோடை வந்து படியிலை நிண்டு பாருங்கோ. உங்களுக்குத்தான் தூரப் பார்வை."

இருவரும் வெட்டவெளியைக் கடந்து நடந்தார்கள். ரவரின் இரும்புப்படி வெயிலில் சுட்டது. மேலே நேசையா மேசையில் இருந்தார். தடித்த கண்ணாடி, வெற்றிலை வாய். எட்வேர்ட்டைக் கண்டதும் பாய்ந்தார்.

"எட்வேர்ட், என்னடாப்பா செய்யிறாய்? கொழும்பும் கேக்குதில்லை, ஒருத்தரும் கேக்குதில்லை. எல்லாத்துக்கும் மேலாலை ஆரோ அமத்திப் பிடிச்ச மாதிரி ஒரே இரைச்சல்."

"எப்ப தொடங்கினது?"

"நீ எஞ்சினைப் போட்ட கையோடை. நடுவிலை நிண்டது. இப்ப பேந்தும் தொடங்கிப்போட்டுது. ஆனால் இரைச்சல் குறைவு. பொறு..."

நேசையா குமிழைத் திருகினார். மேசைமேல் இருந்த ஒலிபெருக்கிக்குள் ஏதோ உரசியது. பிறகு, பக்கத்து அறைக்குள் நின்று கதைப்பதுபோல, யோசப்பினின் குரல் கேட்டது.

"...அழாதையும் பிள்ளை. இண்டைக்கு இல்லாட்டில் நாளைக்குப் போகும். பிளேன் என்ன, மாட்டுவண்டிலும் அச்சு முறிஞ்சு நிக்கிறதுதானே."

எட்வேர்ட்டின் வாய் திறந்தது. "ஐயோ. மைக் திறந்து கிடக்கு. ஒருத்தரும் அமத்தாமலே..."

அவன் படிக்குப் பாய்வதற்குள் அடுத்த குரல் வந்தது. கதிரவேலு படி வாசலில் நின்றார். அங்கிருந்து பிளேனும் தெரிந்தது; கண்ணாடிக்குள் மகளின் தலையும் சின்னதாகத் தெரிந்தது. தலை அங்கே, குரல் இங்கே.

"நாளைக்குச் சரிவராது, அக்கா. வேலை போயிடும். வேலை போனாலும் பறவாயில்லை. இது போகாட்டில் நான் திரும்பி அந்த வீட்டை போகோணும்."

"உம்முடை அப்புவின்ரை வீடுதானே பிள்ளை? ஏன், மனிசன் குடிக்கிறதோ?"

"சீ. தங்கமான மனிசன். ஒரு கெட்ட சொல்லு வராது. நல்ல சொல்லும் வராது. சொல்லே வராது, அக்கா. கப்பலாலை இறங்கி வீட்டை போன அண்டைக்கு என்னைப் பாத்து 'குளிச்சிட்டு வா' எண்டார். அவ்வளவும்தான். என்ன நடந்தது எண்டு கேக்கேல்லை. எங்கை ஒளிச்சிருந்தனி, ஆர் காப்பாத்தினது, கப்பலிலை சாப்பாடு தந்தவங்களோ... இண்டைவரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை. நானாச் சொல்லுவம் எண்டு வாய் உன்னினால், எழும்பிப்போய் மாட்டுக்குத் தண்ணி வைப்பார். ராவிலை அவர் வேலை, நான் தனிய. பகலிலை அவர் நித்திரை, அப்பவும் நான் தனிய."

நேசையா கையை நீட்டினார், சத்தத்தைக் குறைக்க.

"விடு," என்றார் கதிரவேலு. "கதைக்கட்டும்."

"அடுப்படியிலை சட்டியளைத் தட்டித் தட்டி வைப்பன், அக்கா. ஒரு சத்தம் இருக்கட்டும் எண்டு. எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது. அங்கை, ஆபிரிக்காவிலை, தெரியாத பாசையிலை எண்டாலும் பெடியள் என்னோடை கதைக்குங்கள்தானே."

"ஓம் பிள்ளை, ஓம். என்ரை மனிசனிருக்கே, நித்திரையிலையும் வாய் மூடாது. மாத்துவமோ? கொஞ்ச நாளைக்கு உம்முடை அப்புவை இளவாலைக்கு விடும்."

மகள் சிரித்தாள். அழுகையோடு கலந்த சிரிப்புத்தான். ஆனாலும் சிரிப்பு. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது கதிரவேலுவுக்குத் தெரியாது.

எட்வேர்ட் அதற்குள் கீழே இறங்கி ஓடிக்கொண்டிருந்தான். கதிரவேலுவும் இறங்கினார். நேசையா மேலிருந்து "அண்ணை, மெதுவா" என்றார். கதிரவேலு திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டவெளி வரும்போது இருந்ததைவிட நீளமாகக் கிடந்தது.

அவர் பிளேனடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்வேர்ட் மைக்கின் வயரைக் கழற்றியிருந்தான். கழற்றினதும் முகப்புப் பலகையிலிருந்து நேசையாவின் குரல் கணீரென்று வந்தது: "கேக்குதோ எட்வேர்ட்? கேக்குதோ?"

"றேடியோவிலை ஒரு பிழையுமில்லை," என்றான் எட்வேர்ட். மைக்கைத் திருப்பிக் காட்டினான். "இந்தப் பொத்தானை அமத்தினால் நான் கதைக்கலாம், விட்டால்தான் மற்றவன் கதைக்கிறது கேக்கும். விடிய நான் அமத்தினது உள்ளை போச்சு. போனது எழும்பேல்லை. அதுதான் எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, என்னாலை மற்றவைக்கும் கேக்கேல்லை."

நகத்தால் நெம்பினான். பொத்தான் எழும்பியது. அமத்தினான். உள்ளே போய் அங்கேயே நின்றது. மறுபடி நெம்பினான், மறுபடி அமத்தினான். அதே கதை.

"ஸ்பிரிங் உடைஞ்சுபோச்சுப் போலை," என்றான். அவனுடைய சிரிப்பு போயிருந்தது. "உடைஞ்சதெண்டால் போகேலாது. வேறை மைக் கொழும்பிலைதான் கிடக்கு."

"ஏன் தம்பி, கதைக்காமல் போகேலாதோ?" என்று யோசப்பின் கேட்டாள். "நேர்கோடு பிடிச்சுக்கொண்டு போறதுதானே, ரயில் மாதிரி."

"எணை அக்கா, முந்தியெண்டால் துணிஞ்சு போவன். இப்ப கீழை துவக்கோடை நிக்கிறவன், கூப்பிட்டும் மறுமொழி சொல்லாத பிளேனை என்னெண்டு நினைப்பான்? நடுவானத்திலை உது இறுகினால் நான் செவிடு. உங்களையும் வைச்சுக்கொண்டு அந்த விளையாட்டு விளையாட மாட்டன். இறங்குங்கோ. இண்டைக்கு இல்லை."

ஞானாம்பிகை சீற்றில் திரும்பினாள். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு காலை எடுத்து வெளியே, படியில் வைத்தாள். முகத்தை நிமிர்த்தியபோது கதிரவேலு அதைப் பார்த்தார். கப்பலால் இறங்கி வந்த அன்று படலையில் நின்ற முகம். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல்தான் அவர் குளிக்கச் சொன்னார். இப்போது அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒன்றுமே செய்யவேண்டாம். அவள் மற்றக் காலையும் வைப்பாள். பெட்டியை அவர் தூக்கிச் சைக்கிளில் வைக்கலாம். மத்தியானத்துக்குள் வீடு.

"அதுக்குச் சந்தனம் வைச்சனான்," என்றார் கதிரவேலு.

எட்வேர்ட் திரும்பினான். "எதுக்கு?"

"அந்த மைக்குக்கு. நேற்றுச் சரசுவதி பூசையெல்லே. வடிவாப் பூசிக் கும்பிட்டனான். ஸ்பிரிங் கிஸ்பிரிங் ஒண்டும் உடைஞ்சிராது. அதைக் கழட்டிப்பார்."

"அண்ணை! நான் வேதக்காரன்."

"நீ வேதக்காரன். மைக்கும் வேதமோ?"

யோசப்பின் கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்வேர்ட்டுக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. "அப்ப, ஆரும் உள்ளுக்கை ஏறினவையோ எண்டு கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"ஆரும் ஏறினவையோ எண்டுதானே கேட்டாய். நான் ஆரோ?"

எட்வேர்ட் பொக்கற்றிலிருந்து சின்னத் திருகாணிச் சாவியை எடுத்தான். மைக்கின் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்தான். சுருள் முழுசாக இருந்தது. பொத்தானைச் சுற்றி, அது ஏறி இறங்குகிற வெடிப்பு நெடுக, ஏதோ கட்டிபட்டு இறுகியிருந்தது. யோசப்பின் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தாள். பிறகு கைப்பைக்குள் துழாவி ஓடிக்கலோன் போத்தலை எடுத்தாள். "வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்தால் மணக்க எண்டு கொண்டந்தது. தம்பி, முழுக்க ஊத்திப்போடாதையும்."

அவன் ஓடிக்கலோனை விட்டு ஊறவைத்து, ஊசியால் கிண்டினான். சின்னச் சின்னப் பொருக்காக வந்தது. நாலைந்து தரம் கிண்டி, கைலேஞ்சியால் ஒற்றி, பொத்தானை அமத்தினான். டிக் என்று உள்ளே போனது. விட்டான். டிக் என்று எழும்பியது. வயரைக் கொளுவி ரவரைக் கூப்பிட்டான். நேசையா மறுமொழி சொன்னார். மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் சொன்னார். நூறு தரம் அமத்தினாலும் எழும்பும்போல் இருந்தது.

எட்வேர்ட் நகநுனியில் ஒரு பொருக்கை ஏந்திக் கதிரவேலுவின் முகத்துக்கு முன்னால் பிடித்தான். "இந்தா, உங்கடை சந்தனம்."

"அது துரு."

"துரு வெள்ளை மஞ்சளாவோ இருக்கும்? மணந்து பாருங்கோ."

கதிரவேலு குனிந்து மணந்தார். "ஓடிக்கலோன் மணக்குது," என்றார்.

"உங்களோடை கதைச்சு வெல்லேலாது," என்று எட்வேர்ட் மற்றப் பக்கத்தால் சுற்றி ஏறப்போனான்.

ஞானாம்பிகை இன்னும் ஒரு காலை வெளியே வைத்தபடி இருந்தாள். பொத்தான் எழும்பவில்லை என்று எட்வேர்ட் சொன்னதன் அர்த்தம், தாங்கள் கதைத்தது ரவருக்குப் போயிருக்கும் என்பது, அவளுக்கு இப்போதுதான் முழுக்க விளங்கியிருக்கவேண்டும். முகம் வெளிறியது.

"அப்பு, ரவரிலை... உங்களுக்கு என்ன கேட்டது?"

"இரைச்சல்," என்றார் கதிரவேலு.

அவள் அவரையே பார்த்தாள். அவர் பிளேனின் சில்லைப் பார்த்தார். காலால் சில்லடியில் கிடந்த ஒரு கல்லைத் தட்டிவிட்டார். எட்வேர்ட் கதவைச் சாத்தச் சொன்னான்.

"கப்பலிலை சாப்பாடு தந்தவங்களோ?" என்று கேட்டார்.

அவள் கதவை இழுக்கப்போன கையை எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"தந்தவங்கள் அப்பு. பாணும் பருப்பும்."

"பருப்பு அவிஞ்சிருந்ததோ?"

"இல்லை. வடிவா அவியேல்லை."

"ம்," என்றார். "காலை உள்ளை எடு. கதவு நெரிக்கும்."

கதவைத் தானே சாத்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். காற்றாடி சுழன்றது. ரவரில் பச்சை வெளிச்சம் தெரிந்தது. இனி அது தேவையில்லை, நேசையா சும்மா ஆசைக்குக் காட்டினார். பிளேன் ஓடி, துள்ளி, நிலத்தைவிட்டு எழும்பி, கீரிமலைப் பக்கமாகச் சரிந்து, கடலுக்குமேல் சின்னதாகி, பிறகு இல்லை. கதிரவேலு கையைக் காட்டவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது?

சாக்குக் கட்டிலைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டும்போது நேசையா படியால் இறங்கி வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கட்டிலின் மற்ற நுனியைப் பிடித்துக் கொடுத்தார்.

"பாத்தீங்களே அண்ணை, ஒரு கொஞ்சச் சந்தனம் என்ன வேலை செய்துபோட்டுது."

"சந்தனம் இல்லை."

"கிண்டி எடுத்தவையாமே, எட்வேர்ட் றேடியோவிலை சொன்னவன்."

"அவன் கிண்டினான். என்னவோ வந்தது. சந்தனம் இல்லை."

"அப்ப பேந்தென்ன?"

"எனக்குத் தெரியாது. சந்தனம் இல்லை. அறுபது வருசமாப் பூசுறன், ஒரு மண்வெட்டி பழுதாப்போனதில்லை."

நேசையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை சொன்னதை மனசிலை வைச்சிராதையுங்கோ. வெளிக்கிடுற நேரத்திலை வாறது உந்தக் கதையள்."

"எந்தப் பிள்ளை?"

"உங்கடை பிள்ளைதான். ரவரிலை கேட்டமே."

"அது அவளில்லை."

"அண்ணை, குரல் அவவின்ரைதானே. நானும் கேட்டன், நீங்களும் கேட்டனீங்கள். விடு, கதைக்கட்டும் எண்டதே நீங்கள்தானே."

"அந்த இளவாலை மனிசி நெடுகக் கதைச்சது. அதின்ரை குரல்தான் ரண்டு மாதிரிக் கேட்டிருக்கு. என்ரை பிள்ளை அவ்வளவு கதைக்காது." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "வீட்டிலை ஒரு நாளும் அப்பிடிக் கதைச்சதில்லை."

நேசையா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

கதிரவேலு சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து தட்டினார். ஏறவில்லை; உருட்டிக்கொண்டு நடந்தார். வாசலில் ஆமிக்காரன் கையைக் காட்டினான். நின்று, கட்டிலை அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டினார். வெளியே றோட்டில் வெயில் கொதித்தது. கொஞ்சத் தூரம் போனதும் நின்று, சால்வையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். விடியப்புறம் மைக்கைத் துடைத்த பக்கத்தில் சந்தனம் மணத்தது. மணந்தால் என்ன? சால்வையில் சந்தனம் மணப்பது புதினமோ? தோளில் போட்டுக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டியபடி, மேலே நடந்தார்.